பூட்டுக்காரி

எங்கள் அண்ணி சனிக்கிழமைதோறும் பூட்டுக்கு எண்ணெய் போடுவார். மகள் வெண்மதிக்குத் தலை குளிப்பாட்டி விட்ட கையோடு, ஆணியில் தொங்கும் பூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கோழி இறகைத் தேங்காய் எண்ணெயில் தொட்டுச் சாவித் துளைக்குள் விடுவார். சாவியைப் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பார். பூட்டு பட்டென்று திறந்துகொண்டால்தான் முகம் தெளியும். பிறகு பழைய துணியால் துடைத்து மறுபடியும் ஆணியிலேயே மாட்டிவிடுவார்.

அந்தப் பூட்டை வாசல் கதவில் போட்டு அப்போதெல்லாம் நான் பார்த்ததில்லை. வருஷக்கணக்காக எண்ணெய் குடித்துக்கொண்டு அது சும்மா தொங்கியது.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறது. வாசலில் நின்றால் கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். உப்புக் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும். கதவுக் கீல், சைக்கிள் செயின், கொடியில் மாட்டிய ஊக்கு எதுவும் தப்பாது. அதனால் பூட்டுக்கு எண்ணெய் போடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் தெருவில் யாரும் வீட்டைப் பூட்டுவது கிடையாது. அதனால்தான் அண்ணிக்குத் தெருவில் பூட்டுக்காரி என்று பேர் வந்தது. வைத்தவர் பக்கத்து ஓட்டு வீட்டு சவரியம்மாள்.

அண்ணியின் பேர் இசைவாணி. பிறந்த ஊர் புவனகிரி. வயல், வெள்ளாறு, மாட்டுக்கொட்டகை என்று வளர்ந்தவர். என் அண்ணன் அன்பரசுவைக் கட்டிக்கொண்டுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். அண்ணன் சில்வர் பீச்சில் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜியும் வறுத்த மீனும் விற்றார். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி என்று எங்கிருந்தெல்லாமோ வெயிலையும் அலையையும் பார்க்க வருகிற ஜனங்கள்தான் எங்களுக்குச் சோறு. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். மாவு கரைப்பதும் மீன் கழுவுவதும் என் வேலை. வண்டிப் பக்கம் போகமாட்டேன். புது ஆட்களைப் பார்த்தால் எனக்கு வாய் வராது.

வெண்மதி பிறந்த வருஷம்தான் சுனாமி வந்தது. அண்ணி அப்போது கைக்குழந்தையோடு புவனகிரியில் தாய் வீட்டில் இருந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் மிளகாய் வாங்க திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. தெருவில் ஒரு சத்தம் கேட்டு எழுந்திருப்பதற்குள் ஜனங்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள்.

எங்கள் அப்பா கொத்தனார். செத்துப்போவதற்கு முன் தன் கையால் கட்டிய வீடு இது. தெருவிலேயே தளம் போட்ட வீடு இது ஒன்றுதான். மனை சின்னதாக இருந்ததால் மாடிப்படியை வீட்டுக்குள்ளேயே, அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அந்தப் படி வழியாகத்தான் தெருவே மேலே ஏறியது. நான் அரைத்து வைத்திருந்த மாவைக் காலால் மிதித்துக்கொண்டு ஏறினார்கள். சவரியம்மாள் தன் ஆட்டைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஏறினார். தண்ணீர் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. மாடியில் நின்றவர்கள் எல்லோரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். மற்றதை நான் எழுதவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாரும் கூடிப் பேசி வைத்ததில்லை. எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கலாம், பூட்டியிருக்கக் கூடாது. நாங்கள் கல்யாணம், சாவு என்று வெளியூர் போனாலும் அப்படியே சாத்திவிட்டுப் போவோம். சவரியம்மாள் பார்த்துக்கொள்வார்.

அண்ணி அதைக் கண்ணால் பார்க்கவில்லை. அவர் மாசி மாதம் திரும்பி வந்தார். வரமாட்டார் என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் பூட்டு.

"என்னாத்துக்கு இது?" என்று அண்ணன் கேட்டார்.

"இன்னொரு தடவ எதனா சேதி வந்தா பூட்டிக்கிட்டு அன்னைக்கே பஸ் ஏறணும். அதுக்குத்தான்."

"எங்க போறது?"

"செதம்பரம்."

அன்றிலிருந்து சிதம்பரம் என்கிற சொல் எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி குடியிருந்தது. அண்ணியின் சித்தி அங்கே இருந்தார். அண்ணி அடிக்கடி காலையில் பஸ் ஏறிப்போய் வாடகை வீடு பார்த்துவிட்டு வருவார். பார்த்த வீட்டை வந்து எங்களுக்குச் சொல்லுவார்.

"ஜன்னல் கம்பில ஒரு பொட்டு துரு இல்ல மணி. தடவிப் பாத்தேன். கை வெள்ளையா இருக்குது."

"தண்ணி எப்படி அண்ணி?"

"சக்கர மாதிரி. ராத்திரி சத்தமே இல்லியாம். கோயில் மணி மட்டும் கேக்குமாம்."

அண்ணனுக்கு வரமாட்டேன் என்று சொல்லத் தைரியம் கிடையாது. "காணும் பொங்கல் போவட்டும், கூட்டம் ஜாஸ்தி வரும்" என்பார். பொங்கல் போகும். "மாசி மகம் போவட்டும்" என்பார். மாசி மகத்துக்குத் திருவந்திபுரத்துப் பெருமாள் முதற்கொண்டு சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்கள். வண்டியில் எண்ணெய்ச் சட்டி அன்று முழுக்க இறங்காது. அது முடிந்தால் மே மாதப் பள்ளி லீவு. லீவு முடிந்தால் ஆடி. கடலுக்குக் கூட்டம் வராத மாதம் என்று ஒன்று அண்ணன் கணக்கில் இல்லவே இல்லை.

அண்ணி உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. சாப்பிடும்போதும் ஒரு காலைக் குத்துக்காலிட்டுத்தான் இருப்பார். அலைச் சத்தம் கொஞ்சம் மாறினால் கை சோற்றிலேயே நின்றுவிடும். "இது நேத்து மாதிரி இல்லியே" என்பார். எனக்கு எல்லா நாளும் ஒரே சத்தம்தான்.

அந்த முதல் வருஷத்தில் கடல் வருகிறது என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். உடனே தெரு எங்கள் வீட்டுக்குள் ஓடிவரும். கடல் வராது. இறங்கிப் போவார்கள். அடுப்படி முழுக்க மணல் கிடக்கும். அண்ணி விளக்குமாறோடு நிற்பார்.

"ஊரான் ஊட்டுப் படியில ஏறத் தெரியுதுல்ல, கால கழுவிட்டு ஏறத் தெரியாதா?"

"கடல் தொரத்துதுடி பூட்டுக்காரி. நில்லு, கால கழுவிட்டு வந்துடுறேன்னு அதுங்கிட்ட சொல்லிட்டு வரட்டுமா?" என்று சவரியம்மாள் ஆட்டை இழுத்துக்கொண்டு இறங்குவார்.

இதில் வேடிக்கை, அண்ணியின் பிறந்த வீட்டு ஜனங்களுக்குக் கடல் என்றால் உயிர். காணும் பொங்கலுக்கு வேன் பிடித்துப் புளிச்சோறும் வடையும் கட்டிக்கொண்டு புவனகிரியிலிருந்து வந்து இறங்கிவிடுவார்கள். அண்ணியின் அப்பா கோவிந்தசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெஞ்சு அளவு தண்ணீரில் நின்று சிரிப்பார். ஈரத்தோடு வீட்டுக்கு வந்து, "குடுத்து வெச்சவரு மாப்ள நீங்க. தெனம் இந்தக் காத்து. எங்க ஊர்ல காசு குடுத்தாலும் கெடைக்காது" என்பார்.

"அப்ப நீ இங்க இருந்துக்கப்பா, நான் உங்கூட்டுல போயி இருந்துக்குறேன்" என்று அண்ணி அடுப்படியிலிருந்து சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணி சிரிக்கவில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை அந்தக் கூட்டத்தில் வெண்மதி மற்றப் பிள்ளைகளோடு அலைக்கு ஓடிவிட்டாள். முழங்கால் தண்ணீர்தான். அண்ணி கேள்விப்பட்டு வீட்டிலிருந்து செருப்பில்லாமல் சுடுமணலில் ஓடிப்போய் அவளைத் தூக்கினார். அன்று சாயந்திரம் அண்ணனிடம் கத்தவில்லை. அமைதியாகத்தான் சொன்னார்.

"இந்தப் பொண்ணுக்குக் கடல் மேல பயமே வரலீங்க. எனக்குத்தான் வருது. இவள இங்க வெச்சிக்கிட்டு என்னால தூங்க முடியாது. நீங்க வந்தாலும் வராட்டியும் ஒரு நாளைக்கி நான் கதவப் பூட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி போய்விடுவார் என்று அன்றுதான் எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு சனிக்கிழமை அந்தப் பூட்டு பட்டென்று திறக்கிற சத்தம் கேட்டால், அது ஆணிக்குத் திரும்பிவிட்டதா என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்று டிசம்பர் கடைசியில் தானே என்கிற புயல் வந்தது. முதல் நாள் மத்தியானம் மைக் கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் போய், எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொன்னது. அண்ணியின் பை எப்போதும் கட்டித்தான் இருக்கும். வெண்மதிக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டார். பிறகு ஆணியிலிருந்து பூட்டை எடுத்தார்.

"இசை, அத வெச்சிட்டு வா. நம்ம வூடு பூட்டுறது இல்லன்னு தெரியுமில்ல?" என்றார் அண்ணன்.

"எல்லாருந்தான் பள்ளிக்கூடத்துக்கு வர்றாங்களே. இங்க யாரு ஏறப்போறா? அலமாரில பாப்பாவோட தோடு இருக்குது, துணிமணி இருக்குது. எத்தினி வருசமா எண்ண போட்டு வெச்சிருக்கேன், ஒரு தடவ பூட்டுனா என்னா?"

அதில் தப்புச் சொல்ல முடியாது. தெரு மொத்தமும் கிளம்பிக்கொண்டுதான் இருந்தது. அண்ணி பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்து, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். அன்றைக்கு அவர் நடையே வேறு மாதிரி இருந்தது. புயல் ஓய்ந்ததும் அப்படியே சிதம்பரம் பஸ் ஏறிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் பாய் விரித்தோம். கொஞ்ச நேரத்தில் சவரியம்மாள் ஆட்டோடு வாசலில் வந்து நின்றார். ஆடு மாடு உள்ளே விடமாட்டோம் என்று அங்கே நின்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. ஆட்டைத் திருப்பிக்கொண்டு மழையில் நடந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். அவர் ஆட்டுக்கு எப்போதும் எங்கள் நடைதான்.

"அண்ணி, சவரியம்மா நம்ம வூட்டுக்குப் போறாங்க" என்றேன்.

அண்ணி வெண்மதிக்கு பிஸ்கட் பிரித்துக்கொண்டிருந்தார். முதலில் காதில் விழாதவர் மாதிரி இருந்தார். பிறகு கை முந்தானை முடிச்சுக்குப் போனது.

அண்ணன் வண்டியை எங்காவது கட்டிவைக்கலாம் என்று கடற்கரைக்குப் போயிருந்தார். வெண்மதியைப் பக்கத்துப் பாயில் இருந்த பெலிசியாவிடம் விட்டுவிட்டு அண்ணி எழுந்தார். நானும் எழுந்தேன்.

"நீ எங்க வர்ற?"

நான் அவருக்கு முன்னால் வாசலுக்குப் போய் நின்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

இன்னும் பொழுது முழுக்கப் போகவில்லை. காற்று பக்கவாட்டில் தள்ளியது. மழை முகத்தில் மண் வாரி அடித்த மாதிரி வலித்தது. ஒரு தகரம் எங்களுக்கு முன்னால் தெருவைக் கடந்து போனது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கடலைப் பார்த்து இவர் ஓடுவது, வெண்மதி அலையில் இறங்கிய அன்றைக்குப் பிறகு இதுதான்.

சவரியம்மாள் எங்கள் வாசற்படியில் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஆட்டின் தலை. பக்கத்தில் ஒரு கருங்கல். பூட்டின் மேல் வெள்ளை வெள்ளையாக அடிபட்ட தழும்பு.

"வாடி பூட்டுக்காரி," என்றார் பல் கிட்டிக்கொண்டு. "உங்க ஊட்டுக்குள்ள பூந்து புயலு எதனா திருடிக்கிட்டுப் போயிடும்னு பயந்துட்டியா?"

அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். மழையில் அது இறுகிப்போயிருந்தது. நான்தான் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அவ்வளவு அடி வாங்கிய பூட்டு திறக்காது என்று நினைத்தேன். சாவி உள்ளே போனது. ஒரே திருப்பில் பட்டென்று திறந்துகொண்டது.

"எண்ண நல்லாத்தான் போட்டிருக்க," என்றார் சவரியம்மாள். ஆட்டை உள்ளே விட்ட பிறகுதான் அவர் எழுந்தார். எழ முடியாமல் நாங்கள் இரண்டு பேரும் தூக்கித்தான் விட்டோம்.

திரும்பிப் போக முடியவில்லை. காற்று அதற்குள் அவ்வளவு ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கியவர்களும் இருந்திருக்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியாது. ஓலை பறந்தவர்களும் ஓடு சரிந்தவர்களும் விடிகிற வரைக்கும் ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டினார்கள். கதவைத் தாழ் போடாவிட்டால் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் அண்ணி கதவோடேயே நின்றார். தட்டினால் திறப்பார், ஆளை இழுப்பார், தோளால் முட்டிச் சாத்துவார். விடியும்போது நடையில் கால் வைக்க இடமில்லை. அடுப்படியில் மணலும் சேறும். அண்ணி விளக்குமாறு தேடவில்லை.

காற்று அடங்கியதும் அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து வெண்மதியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தென்னை மரங்களும் கரண்ட் கம்பங்களும் தெருவுக்குக் குறுக்கே கிடந்தன. சவரியம்மாள் வீட்டில் சுவர் மட்டும் நின்றது. எங்கள் தள்ளுவண்டி கிடைக்கவே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் வாய்க்காலில் கிடந்தது.

அண்ணன் வாசலில் நின்று வீட்டுக்குள் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"போலாம் இசை," என்றார். "செதம்பரம் போயிடலாம். இனிமே இங்க என்னா இருக்குது?"

இந்தச் சொல்லுக்காக அண்ணி எவ்வளவு காலம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். முகத்தையே பார்த்தேன். அண்ணி, "பாப்பா எதனா சாப்டாளா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு தள்ளிப்போட்டவர் அண்ணிதான். "சவரியம்மாவுக்கு ஓடு வரட்டும்" என்றார். கரண்ட் வரட்டும் என்றார். கரண்ட் வர நாளாயிற்று. எங்கள் வீட்டில் பல குடும்பம் படுத்து எழுந்தது. மாசி மகம் வரட்டும் என்று அண்ணி வாயிலிருந்தே வந்தபோது அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்த வருஷம் மாசி மகத்துக்கு அண்ணி முதன்முதலாகக் கடற்கரைக்கு வந்து சாமி பார்த்தார். தண்ணீரில் கால் வைக்கவில்லை.

அது முடிந்து கிளம்பினார்கள். அண்ணனுக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் வேலை. என்னையும் கூப்பிட்டார்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பை எல்லாம் ஆட்டோவில் ஏறிய பிறகு அண்ணி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது உனக்கு வேணாம்ல?"

"வேணாம் அண்ணி."

பையில் போட்டுக்கொண்டார். சவரியம்மாள் ஆட்டோவுக்குள் தலையை நீட்டி, "அங்கயாவது எவளையும் வெளிய வெச்சிப் பூட்டிடாதடி" என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

பங்குனி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் தூரதேசத்தில் கடலுக்கடியில் பூகம்பம், சுனாமி வரலாம் என்று டிவியில் சொன்னார்கள். தெரு மறுபடியும் என் வீட்டுப் படியில் ஏறியது. செல்போன் அடித்தது.

"மணி, கதவு தெறந்திருக்கா?"

"தெறந்துதான் இருக்குது அண்ணி."

"சவரியம்மா ஏறியாச்சா?"

"ஆடு ஏறமாட்டேங்குது. தள்ளிக்கிட்டு இருக்காங்க."

"நீ ஏன் அங்க இருக்க? கெளம்பி பஸ் ஏறு. இங்க வந்துடு." ஒரு மூச்சு விட்டார். "வேணாம், நீ மேல போ. கதவ யாராவது பாத்துக்கச் சொல்லு."

கடல் வரவில்லை. எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். பொழுது சாயும் நேரம் கடற்கரையிலிருந்து கிளம்பின பஸ்ஸெல்லாம் படிக்கட்டுவரை ஜனமாகப் போய்க்கொண்டிருந்தன. எதிர்த்த பக்கம் வந்த காலி பஸ்ஸிலிருந்து அண்ணி மட்டும் இறங்கி வந்தார். கையில் ஒன்றுமில்லை. நேராக அடுப்படிக்குப் போனார். மணலைப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெருக்க ஆரம்பித்தார்.

"வந்துட்டியா? அங்க என்னா, தூக்கம் வரலியா?" என்றார் சவரியம்மாள் படியிலிருந்து.

"சத்தமே இல்ல. எப்படித் தூங்குறது?" என்றார் அண்ணி.

இப்போது அண்ணன் குடும்பம் சிதம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறது. வெண்மதி அங்கே பள்ளிக்கூடம் போகிறாள். அந்த ஊரில் இரும்பு அவ்வளவாகத் துருப்பிடிப்பதில்லை. அண்ணி சனிக்கிழமை எண்ணெய் போடுகிறார், ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வருகிறார், சாயந்திரம் இருட்டுவதற்குள் போய்விடுகிறார். நான் இங்கே இருக்கிறேன். சவரியம்மாள் வீட்டுக்கு ஓடு போட்டாகிவிட்டது. எங்கள் கதவு சாத்தியிருக்கிறது, பூட்டியில்லை.